எதிரணிக்காரருக்கு ஒரு கைத்தட்டல்

சார்ஜாவில் நான் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு ரொட்டிக்கடை உண்டு. அங்கே ரொட்டி சுடும் குல் ஜமான் பெஷாவர் பக்கத்துக்காரர். கிரிக்கெட்டில் இந்தியா அவருடைய நாட்டிடம் தோற்றுவிட்டால், மறுநாள் காலை எனக்கு ஒரு ரொட்டி கூடுதலாகப் போடுவார், துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்புவதைப்போல. இந்தியா ஜெயித்தால் முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தை நீட்டுவார். வந்த புதிதில் இது எனக்கு விசித்திரமாக இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் தோற்றவனுக்கு வசவைத் தவிர வேறெதையும் யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் அவர்கள் அணியின் இடதுகை பேட்ஸ்மேனைப் பாராட்ட நினைத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் "பஹுத் சுந்தர் ஹை" என்றேன். ஆட்டம் அழகு என்று சொல்ல வந்தேன். குல் ஜமான் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது பாய்" என்றார்.

அந்த பேட்ஸ்மேனின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப்பேர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வையத் தொடங்குவீர்கள். நானும் இடதுகைக்காரன். விராலிமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அணிக்காக டென்னிஸ் பந்தில் ஆடியவன். பந்தைக் கண்டால் வெறிநாயை விரட்டுவதுபோல மட்டையைச் சுழற்றுவதுதான் பேட்டிங் என்று நினைத்திருந்தவன். இவர் ஆடுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது. அவர் பந்தை அடிப்பதாகவே தெரியாது. போகிற பந்துக்கு வழி சொல்லி அனுப்புவதுபோல இருக்கும். இங்கே லிஃப்ட் பழுது பார்ப்பது என் வேலை. கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையின் வெக்கையில், சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில் அவருடைய ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

போன விடுமுறையில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். இலுப்பூரைச் சேர்ந்த சுகந்தி. பூ வைத்து உறுதி செய்தாகிவிட்டது. அந்த வாரத்தில்தான் இந்தியா பாகிஸ்தான் ஆட்டம். சுகந்தியின் தாய்மாமன் விராலிமலையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, பெரிய திரை கட்டி, என்னையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தார். நானூறு பேராவது இருந்திருப்பார்கள். கவர் எது, பாயின்ட் எது என்று அவர்களில் நாலு பேருக்குக்கூடத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் ஆட்டம் பார்க்க வரவில்லை. வீட்டில் பெண்டாட்டியிடமும் வெளியே அதிகாரியிடமும் கத்தமுடியாத கத்தலைக் கத்திவிட்டுப் போக வந்திருந்தார்கள். அதற்குத் தேசபக்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். நம் ஆள் பந்தைக் காற்றில் தூக்கியடித்துப் பிடிகொடுக்காமல் தப்பினால் விசில். எதிரணிக்காரர் காலை ஊன்றி முறையாகத் தடுத்தால், அவருடைய தாயைப் பற்றிய கெட்ட வார்த்தை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒவ்வொரு பந்துக்கும் முன்பு "அவுட்டு, அவுட்டு" என்றார். பந்து எங்கே போகிறது என்று ஒருமுறைகூட அவர் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்த ஷாட். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே நல்ல அளவில் விழுந்த பந்து. நம் ஆள் போட்ட மிக நல்ல பந்து அது. என் பேட்ஸ்மேன் முன்னங்காலைச் சற்றே நகர்த்தி, மணிக்கட்டைத் திருப்பினார். பந்து இரண்டு ஃபீல்டர்களுக்கு நடுவே போனது. இருவரும் அசையவில்லை. அசைந்து பயனில்லை என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் விளையாட்டுக்காரர்கள். நான் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் அந்த ஒரு சத்தம்தான் கேட்டது.

"யார்ரா அவென்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தாய்மாமன் என் கையைப் பிடித்து இழுத்தார். "மாப்ள, ஆள் மாறித் தட்டுறீங்க. அடிச்சது அவெங்கெ."

"தெரியும்ங்க. நல்ல ஷாட்டுங்க."

"நல்ல ஷாட்டா? அங்கிட்டுச் சம்பளம் வாங்குனா அங்கிட்டே சாஞ்சிருவீங்களோ?"

"நான் இருக்குறது சார்ஜாங்க. அது வேற நாடு."

"எல்லாம் ஒண்ணுதான்" என்றார். உலகப்படத்தை இவ்வளவு சுருக்கமாக வரைந்தவரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை. எவனோ வீடியோ எடுத்திருந்தான். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் அது எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்திருந்தது.

மறுநாள் தாய்மாமன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என் முகத்துக்கு நேராகக் கைபேசியைப் பிடித்து, "தெரியாமத் தட்டிட்டேன், மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. குரூப்ல போட்டுருவோம். முடிஞ்சுச்சு" என்றார்.

அப்பா விவசாயி. சண்டை என்றால் ஒதுங்கிப் போகிறவர். "சொல்லிட்டுப் போயேண்டா. என்ன கொறஞ்சிரப் போகுது?" என்றார்.

நான் கைபேசியைப் பார்த்துப் பேசினேன். "தெரிஞ்சுதான் தட்டுனேன். அந்தப் பந்த அந்த எடத்துக்கு அனுப்ப ஒலகத்துல ரெண்டு மூணு பேராலதான் முடியும். நம்ம ஆளுங்களே வாயப் பொளந்து பாத்தாங்க. நீங்களும் ஒருக்கா கண்ணத் தொறந்து..." அதற்குள் அவர் அணைத்துவிட்டார். சம்பந்தமும் அத்தோடு அணைந்தது.

சாயங்காலம் சுகந்தியே கூப்பிட்டாள். அவளாவது புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

"எனக்காக ஒரு பொய் சொல்ல ஒங்களுக்கு மனசு வரலயா?" என்றாள்.

"அது பொய்யிங்கிறதுதான் பிரச்சின, சுகந்தி."

"யாரு எவருன்னே தெரியாத ஒருத்தருக்காக என்னைய விட்டுட்டீங்க."

"அவரு யாருன்னு தெரியுமே" என்றேன். அதைவிட முட்டாள்தனமான பதிலை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. அவள் இணைப்பைத் துண்டித்தாள். அந்த நானூறு பேரையும் என்னால் துச்சமாகத் தள்ள முடிந்தது, இப்போதும் முடிகிறது. அவளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. அதனால் அவளைப் பற்றி இதற்குமேல் எழுதவில்லை.

சார்ஜாவுக்குத் திரும்பி வந்து குல் ஜமானிடம் நடந்ததைச் சொன்னது என் தவறு. அவர் என்னைத் தியாகி ஆக்கிவிட்டார். அடுத்த ஆட்டத்தன்று தன் நாட்டுக்காரர்கள் கூடும் கஃபெட்டீரியாவுக்கு இழுத்துப்போய், "எங்கள் ஆளுக்காகக் கல்யாணத்தையே விட்ட இந்துஸ்தானி" என்று மேசை மேசையாக அறிமுகப்படுத்தினார். கட்டிப்பிடித்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு டாக்ஸி ஓட்டுநர் என் கன்னத்தைக் கிள்ளினார். நான் கிரிக்கெட்டுக்குக் கைதட்டினேன் என்பது அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. தங்களுக்குக் கைதட்டியதாக எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் தொடங்கியதும் மண்டபத்து ஆட்களே சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். அதே விசில், அதே வசவு. என் பக்கத்தில் இருந்தவர் ஒவ்வொரு பந்துக்கும் "சிக்ஸர், சிக்ஸர்" என்றார். அவரும் பந்தைப் பார்க்கவில்லை.

என் பேட்ஸ்மேன் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். நம் அணியில் புதிதாக வந்திருந்த பையன் ஒருவன் பந்துவீச வந்தான். மெதுவாக ஒன்று, வெளியே ஒன்று, பிறகு காற்றில் உள்ளே வளைந்து காலடியில் இறங்கிய யார்க்கர். நடு ஸ்டம்ப் சாய்ந்தது. அந்தப் பெரிய ஆட்டக்காரர் விழுந்த ஸ்டம்பைத் திரும்பிப் பார்த்து, பையனை நோக்கி ஒருமுறை தலையசைத்துவிட்டு நடந்தார். நான் எழுந்து கைதட்டினேன்.

கஃபெட்டீரியா அடங்கிப்போனது. டாக்ஸி ஓட்டுநர், "ஏய், நீ எந்தப் பக்கம்?" என்றார். குல் ஜமான் தன் நாற்காலியை என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கடைசி விக்கெட் விழுந்தபோது அப்பா கூப்பிட்டார். "ஜெயிச்சிட்டோம்டா!" என்று கத்தினார். அவருக்குப் பின்னால் ஊரில் சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது. "நீ பாத்தியா? அங்கிட்டு ஆளுங்களோட இருக்கியா?"

என்னைச் சுற்றி நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னுக்கு நகர்ந்தன. "தோத்துட்டோம்" என்று அவர்கள் மொழியில் யாரோ முனகினார். இடது காதில் வெடிச்சத்தம், வலது காதில் அந்த முனகல். நான் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில் சொன்னேன்:

"ஆமாப்பா. ஜெயிச்சிட்டோம்."