ஸ்பீக்கர் இல்லாத செட்டு

"ரிசீவர் மட்டும் இப்ப எடுங்க அக்கா, ஸ்பீக்கர் அப்புறம் பாத்துக்கலாம்லா" என்றார் பாட்டு செட்டு விற்கும் கிள்ளான் கடைக்காரர், என் கையிருப்பைக் கேட்ட பிறகு. 1984 தீபாவளிக்கு முந்தைய வாரம் அப்பாவும் இதே யோசனையைக் கேட்டு, ரிசீவரை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு வந்தார்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், எங்கள் ஹாலில் அந்த ரிசீவர் பச்சை விளக்கோடு ஊமையாக நின்றது. பலகைச் சுவருக்கு அப்பால், என் வகுப்புத் தோழி வசந்தி வீட்டில் இடுப்புயர ஸ்பீக்கர்கள் இரண்டு. அவள் பாட்டுப் போடும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

தீபாவளியன்று மேரு என்ற ஊரிலிருந்து அத்தை வந்தார். சுவர் வழியே வந்த பாட்டைக் கேட்டார். எங்கள் பச்சை விளக்கைப் பார்த்தார்.

"அண்ணே, செட்டு பிரமாதம்! தியேட்டர்ல உக்காந்த மாதிரி இருக்கு."

அப்பா மறுக்காமல் முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். சட்டென்று பாட்டு நின்றது.

"என்னண்ணே, நின்னுபோச்சு?"

அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் பின்வாசல் வழியே பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

"வசந்தி, இன்னொரு பாட்டுப் போடுறியா?"

"உங்க புது செட்டு என்னாச்சு?"

"ஸ்பீக்கர் இல்ல. அத்தை, எங்க செட்டுதான் பாடுதுன்னு நெனச்சிட்டாங்க."

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவளோ ஒரு ஸ்பீக்கரை எங்கள் சுவரோடு ஒட்டித் தள்ளினாள். "அத்தைக்கு எந்த மாதிரி பாட்டுப் பிடிக்கும்?" என்றாள்.

அடுத்த மார்ச்சில் நாங்களும் ஸ்பீக்கர் வாங்கினோம்; அந்தப் பொறாமை தீர்ந்தது. வசந்திமேல் அன்று புதிதாக வந்த பொறாமை, இந்தக் கடையில் நிற்கும்போதும் தீரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.