நாலு நிமிஷத்தில் முடிந்த நேர்காணல்

என் அக்காவுக்கு வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் புகார் பிரிவில் வேலை. யார் எவ்வளவு திட்டினாலும் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று பதினோரு வருஷமாக ஃபோனில் தேனொழுகப் பேசுகிறவள். வீட்டில் அந்தத் தேனில் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. அப்பா குழாயைச் சரியாக மூடவில்லை என்றால் போதும், வீடு ரெண்டுபட்டுவிடும்.

அவளுக்குப் பாசிப் பைத்தியம். ஆபீஸ் ஏசித் தண்ணீர் சொட்டும் சுவரிலிருந்து பாசியைச் சுரண்டி, டிபன் பாக்ஸில் கொண்டுவந்து, அதன் குலம் கோத்திரம் சொல்லி எங்களை அறுப்பாள். முப்பத்துநாலு வயதில் பிரான்ஸின் பெரிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு, தாவரவியல் முதுகலை படிக்க விண்ணப்பித்தாள். பிடித்துத் தள்ளியது நான்தான். ரெண்டு வருஷம் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பிரெஞ்சு படித்து, சான்றிதழ்களை எல்லாம் மொழிபெயர்த்து அனுப்பி, ஒருவழியாக வீடியோ நேர்காணல்வரை வந்துவிட்டாள்.

அன்று நான் கேமராவில் படாமல் கட்டிலுக்கடியில் கிடந்தேன். "எங்கள் பல்கலைக்கழகம் ஏன்?" என்று ஒரு பேராசிரியை கேட்டார். பதற்றத்தில் அக்காவுக்கு ஆபீஸ் குரல் வந்துவிட்டது. கேட்டதற்கு நன்றி சொன்னாள், காத்திருக்க வைத்ததற்கு வருந்தினாள், ரெண்டு வரியில் பதில் சொன்னாள், "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்றாள். எல்லாம் சுத்தமான பிரெஞ்சில். அந்த அம்மா திகைத்துப்போய் "இல்லை" என்றார். அக்கா நன்றி சொல்லி இணைப்பைத் துண்டித்தாள்.

"நாலே நிமிஷம்டி!" என்றாள் பெருமையாக. ஆபீஸில் ஃபோனைச் சீக்கிரம் முடித்தால் பாராட்டு கிடைக்கும். கட்டிலுக்கடியிலிருந்து தலைநீட்டிய என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"ஐயோ, நானே கட் பண்ணிட்டேனா?"

ரெண்டு வாரத்தில் நிராகரிப்பு வந்தது. மறுபரிசீலனை கேட்கலாம் என்று அடியில் ஒரு வரி இருந்தது. அப்பா நாலு பக்கம் கெஞ்சி எழுதினார். நான் ரெண்டு பக்கம் திட்டி எழுதினேன். அக்கா ரெண்டையும் படித்துக் கிழித்துப் போட்டாள்.

"இந்த ரெண்டு மாதிரியும் எங்களுக்குத் தினம் நூறு வருது. கெஞ்சினா பாவம்னு நெனைப்போம், திட்டினா கடுப்பாவோம். ரெண்டுக்கும் ஒண்ணும் செய்ய மாட்டோம்."

"அப்ப யாருக்குத்தான் செய்வீங்க?"

"என்ன ஆச்சு, என்ன வேணும்னு நேரா சொல்றவங்களுக்கு."

மூன்றே வரி எழுதினாள்: "நேர்காணலைப் பழக்கதோஷத்தில் நான்தான் துண்டித்தேன். பாசியைப் பற்றிச் சொல்ல நினைத்ததில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. இன்னொரு முறை கூப்பிடுங்கள்."

கூப்பிட்டார்கள். இந்த முறை ஒரு மணி பத்து நிமிஷம். கட்டிலுக்கடியில் என் கால் மரத்தே போய்விட்டது. கடைசியில் அந்த அம்மாதான், அடுத்தவர் காத்திருக்கிறார் என்று கும்பிடாத குறையாகச் சொல்லி விடைபெற்றார்.

இடம் கிடைத்துவிட்டது. அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடித் தெருவுக்கே சொன்னார். நான் கட்டிலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். துரத்தித் துரத்தி விண்ணப்பிக்க வைத்தவளே நான்தான். இவள் நிஜமாகவே போய்விடுவாள் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"சந்தோஷத்துல அழறியாடி?" என்று அக்கா கேட்டாள்.

"இல்ல," என்றேன்.