எரிமலையின் தொண்டை

மகளின் புவியியல் புத்தகத்தில், சமவெளியில் தனியாக நிற்கும் ஒரு பாறையின் படம் இருந்தது. எரிமலையின் மேல்மண் மழையில் கரைந்துபோக, தொண்டையில் இறுகிய கல் மட்டும் மிஞ்சியதாம்.

எழுபதுகளில், கங்கைக் கரையிலிருந்த கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ் முற்றத்தில், நானும் அக்காவும் ஆற்று மண்ணைக் குவித்து எரிமலை கட்டினோம். ஆப்ப சோடாவும் குங்குமமும் போட்டு எலுமிச்சை பிழிந்ததும் சிவப்பு நுரை பொங்கி வழிந்தது. ஆகா, என்ன ஆட்டம் போட்டோம்!

"காபி ஃபில்டர் எங்கே போய்த் தொலைஞ்சுது?" என்று அம்மா வீட்டைப் புரட்டினாள். அப்பா இரண்டு நாள் கடை டீ குடித்தார். நாங்களும் கூடவே தேடுவதுபோல் நடித்தோம்.

மூன்றாம் நாள் கால்பைசாகி என்கிற கோடைப் புயல்மழை கொட்டியது. மலை கரைந்தது. நடுவில் பித்தளை ஃபில்டர் பளபளவென்று நின்றது.

அம்மா விளக்குமாற்றைத் தூக்கினாள். அப்பா சிரித்துக்கொண்டே, "அப்புறம் அடி, முதல்ல டிகாக்‌ஷன் போடு!" என்றார்.

படத்திலிருக்கும் பாறையைப் பார்க்கப் பார்க்க எனக்குக் காபி மணக்கிறது.