கயிறு குடிக்கும் பசை

மனைவியின் கையிலிருந்து கத்தி மறுபடியும் நழுவியது. இந்த முறை அவள் கால்விரலுக்குப் பக்கத்தில் விழுந்தது.

கோழி பொதி செய்யும் தொழிற்சாலையின் குளிரறையில் வருடக்கணக்காக நின்றதில் அவள் விரல்கள் மரத்துப் போயிருந்தன. வேலையை விட்டாயிற்று. பிள்ளைகள் தங்கள் பாட்டில் போய்விட்டார்கள். கனடாவில், மொன்ட்ரியால்-நோரின் இந்தச் சின்னக் குசினியில் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது சமையல் ஒன்றுதான். இனி நான் வெட்டித் தருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"கத்தியையும் பறிச்சுப்போட்டு என்னை மூலையில இருத்தப் போறியளோ?" என்றாள்.

அவ்வளவுதான். அந்தக் கத்தியை அவள் கைக்குள் நிற்கவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

பிடியில் கயிற்றை இறுக்கிச் சுற்றி அதன்மேல் எபொக்சி பசை பூசினால் வழுக்காது என்று தொலைபேசிக் காணொளியில் ஒருவன் செய்து காட்டினான். அவனுக்கு எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. நான் அலுவலகங்களைத் துப்புரவாக்கிவிட்டு வந்த களைப்பில், கடையில் முதலில் கண்ணில் பட்டதை வாங்கினேன். ஐந்து நிமிடத்தில் இறுகுமாம். சீனிப்பாணி போலத் தடிப்பாக இருந்த அது, கயிற்றுக்குள் இறங்குவதற்கு முன்பே மேலே கட்டி கட்டியாக இறுகிவிட்டது.

"இதென்ன, கொப்புளம் கொப்புளமாய்? கத்திக்கு அம்மாள் வருத்தமோ?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை பனிக்குள் நடந்து வேறொரு ஹாட்வெயார் கடைக்குப் போனேன். என் பிரெஞ்சு 'போன்ஜூ'ரில் தொடங்கி 'மெர்சி'யில் முடிந்துவிடும். நடுவில் ஒன்றும் கிடையாது. கடைக்காரருக்குக் குழாயைத் திறப்பதுபோலக் கையால் காட்டினேன். பிறகு அவருடைய மூக்குக்கண்ணாடியைக் காட்டினேன். தண்ணீராக ஓட வேண்டும், கண்ணாடியாகத் தெரிய வேண்டும். அவர் யோசித்துவிட்டுப் பின் தட்டிலிருந்து இரண்டு போத்தல்கள் எடுத்துத் தந்தார். இரண்டையும் கலக்க வேண்டும். இறுக ஒரு நாள் எடுக்கும்.

பழைய கட்டிகளைச் சுரண்டி எடுத்துப் புதுக் கயிறு சுற்றினேன். வெளிக்குளிரில் பசை தடித்திருந்ததால் போத்தல்களைச் சுடுதண்ணீரில் வைத்துவிட்டு, இளகும்வரை என்று சாய்ந்தேன். உடம்பு கேட்கவில்லை, கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து பூசி, காயவைத்தேன். இரண்டு நாளாகியும் பிசுபிசுப்புப் போகவில்லை. அவள் வாழைக்காயில் கத்தியை வைத்ததுமே கயிறு முழுவதும் காலுறை கழன்றதுபோல உருவிக்கொண்டு வந்தது.

"நீங்கள் படுத்திருக்கேக்க நான் கத்திக்கு எண்ணெய் தடவினனான்," என்றாள் மெதுவாக. "பிடியும் காய்ஞ்சு கிடந்துது. பாவமெண்டு அதுக்கும் சேர்த்துத் துடைச்சு விட்டனான்."

வாழைக்காய் வெட்டும் வீட்டில் கத்தியைத் தேங்காய் எண்ணெய் தடவாமல் வைப்பதில்லை. தடவாவிட்டால் காயின் கயர்க் கறை பிடிக்கும், துருவும் பிடிக்கும். அது அவள் கைக்கு ஊறிப்போன பழக்கம். எண்ணெய் குடித்த கயிறு பசையைக் குடிக்கவில்லை. கோபம் உச்சிக்கு ஏறியது. யாரிடம் காட்டுவது? இவ்வளவு பாடுபட்டும் ஒரு கத்திப்பிடிக்கு வழியில்லையே என்று கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன்.

பிறகு எல்லாவற்றையும் உரித்தேன். பிடியின் மரத்தை எண்ணெய் போக மதுசாரத்தால் துடைத்தேன், கயிற்றை மாற்றினேன். இந்த முறை கயிறு பசையை உறிஞ்சிக் கறுத்தது. முறுக்கின் ஒவ்வொரு இழையும் தெளிவாகத் தெரிந்தது. கத்தியை பிஸ்கட் தகரப் பேணிக்குள் வைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஏற்றினேன்.

"நீர் எண்ணெயோடை இந்தப் பக்கம் வரப்படாது," என்றேன்.

"ஓம், ஓம்."

காய்ந்ததும் ஒரு வெங்காயத்தை எடுத்து வைத்தேன். அவள் கத்தியைப் பிடித்தாள். வழுக்கவில்லை. ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு. அப்போதுதான் கவனித்தேன், அவள் வெங்காயத்தைப் பார்க்கவேயில்லை. கண் முழுக்கத் தன் கையிலேயே இருந்தது.

"சரியில்லையோ?"

"வடிவாயிருக்கு," என்றாள். "ஆனா கையைப் பாக்காட்டி, கத்தியைப் பிடிச்சிருக்கிறனோ விட்டிட்டனோ எண்டு தெரியேல்லையப்பா."

கத்தியைத் தா என்று கேட்க வாய் வரவில்லை. வெங்காயத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவள் தன் கையைப் பார்த்தபடியே வெட்டினாள்.

"விரலை எடுங்கோ, விரலை எடுங்கோ," என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எடுக்கவில்லை.