டி-72 சுப்பிரமணியன்

போன மாதம் ஒரு தப்பு செய்தேன். ஒரே தப்பை நாற்பது வீட்டில் செய்தேன்.

நான் அஞ்சாவது வரைதான் படித்தவன். படித்தது இங்கேதான், டெல்லியில். சர்க்கார் குவார்ட்டர்ஸ்களுக்கு நடுவே ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளி. அப்போது பாடம் எடுத்த செல்லம்மா டீச்சர்தான் இப்போது ஹெட்மிஸ்ட்ரஸ். திருநெல்வேலிக்காரர். எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. அவருக்கு நான் இன்னும் ‘ஏலே’தான்.

ஒரு நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஒன்றாம் வகுப்புக்கு ஒன்பது பிள்ளைகள்தான் சேர்ந்திருக்கிறார்களாம். பத்து இல்லையென்றால் இந்த வருஷம் வகுப்பு கிடையாது என்று கமிட்டி சொல்லிவிட்டதாம். பழைய மாணவர்களைக் கூப்பிட்டு இட்லி போட்டால், எவனாவது ஒருத்தன் தன் பிள்ளையைச் சேர்க்க மாட்டானா?

பழைய ரிஜிஸ்டரை என் கையில் கொடுத்தார். பெயர், குவார்ட்டர்ஸ் நம்பர். அவ்வளவுதான் விலாசம்.

சைக்கிளில் போனேன். நாற்பது கதவுக்கு அடியில் நாற்பது அழைப்பிதழ். தள்ளிவிட்டு வந்தேன்.

எனக்கு ஆபீசில் ஃபைல் தூக்குகிற வேலை. ஃபைல் ஆளுக்குப் போகாது. நாற்காலிக்குப் போகும். ஆள் மாறினால் நமக்கென்ன? அதே பழக்கம்...

அப்பா ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். டெல்லியில் இது குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சைக்கிளில் போகும்போது தெரியவில்லை.

ஞாயிறு காலை. ஐ.என்.ஏ. மார்க்கெட் அரிசியில் இட்லி. கூட்டம் நன்றாகத்தான் வந்தது. சர்தார்ஜி ஒருவர் மனைவி, மகளோடு வந்தார். ஒரு பெங்காலிக் குடும்பம். ராஜஸ்தான்காரர் ஒருவர். அழைப்பிதழ் முழுக்கத் தமிழ். அடியில் மட்டும் ஒரு வரி ஹிந்தி — நேரம், இடம், நாஷ்தா உண்டு. அந்த வரியைப் படித்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள்.

பழைய மாணவன் என்று வந்தது ராகவன் ஒருத்தன்தான். என் கூடப் படித்தவன், நேரில் பார்த்தபோது வாயால் சொல்லியிருந்தேன். இப்போது செக்ஷன் ஆபீசர்.

டீச்சருக்குக் கண் அவ்வளவு சரியில்லை. ரிஜிஸ்டரைப் பிரித்தார். எங்கள் வகுப்பில் மூன்று சுப்பிரமணியன் இருந்தார்கள். அதனால் அந்த நாளிலேயே நம்பரோடுதான் கூப்பிடுவார்.

“டி செவன்ட்டி-டூ சுப்பிரமணியன்.”

சர்தார்ஜி எழுந்து நின்றார். அவர் வீட்டு நம்பர் அல்லவா?

“ஹாஜிர்.”

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தலைப்பாகையைப் பார்த்தார். தாடியைப் பார்த்தார்.

“சுப்பிரமணியா... ரொம்ப வளந்துட்டியேலே” என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். நான் சட்னி வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

கடைசியில் ராகவனைப் பிடித்தார். அவன் மகனுக்குச் சேர்க்கிற வயசுதான். பையன் கான்வென்ட்டில் சேர்ந்தாயிற்று என்றான் ராகவன்.

“வீட்ல ஹிந்திதான் பேசறான் டீச்சர். தமிழ் சுத்தமா வராது.”

“அதுக்குத்தாம்லே பள்ளிக்கூடம் வச்சிருக்கு” என்றார் டீச்சர்.

ராகவன் வாட்ச்சைப் பார்த்தான். ஆறு இட்லி சாப்பிட்டிருந்தான். கிளம்பிவிட்டான்.

டீச்சர் ரிஜிஸ்டரை மூடினார். அது எனக்கு என்னவோ போல் இருந்தது. திட்டியிருக்கலாம்.

சர்தார்ஜி என்னிடம் வந்து, மாதாஜிக்கு என்ன வருத்தம் என்று ஹிந்தியில் கேட்டார். சொன்னேன். தாடியைத் தடவினார். மகளைச் சேர்க்கப் பார்த்திருக்கும் ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாற வேண்டுமாம். இது வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறதே என்றார்.

சர்தார்ஜி, இது தமிழ் மீடியம் என்றேன்.

அதற்குள் அந்தப் பெண் டீச்சரின் புடவையைப் பிடித்து இழுத்தது. அஞ்சு வயசு. மன்ஜீத் என்று பெயர்.

“டீச்சர், எனக்கு இன்னொரு இட்லி. சட்னி வேணாம், காரம்.”

தெளிவான தமிழ். கீழ் வீட்டுத் தமிழ்க் குடும்பத்தில்தான் நாள் முழுக்க இருக்குமாம். அந்த வீட்டுப் பிள்ளைகள்? கான்வென்ட்.

டீச்சர் இட்லியை வைத்தார். ரிஜிஸ்டரைத் திறந்தார். டி-72 என்று எழுதினார். பத்து.

வகுப்பு நடக்கிறது.

இந்தத் திங்கட்கிழமை ராகவன் என்னைத் தேடி ஆபீசுக்கு வந்தான். லீவுக்குக் கும்பகோணம் போகிறார்களாம். அங்கே யார் என்ன கேட்டாலும் பையன் முழிக்கிறானாம், மானம் போகிறதாம்.

“கொஞ்சம் தமிழ் பேசச் சொல்லித்தர யாராவது கிடைப்பாளாடா?” என்றான்.

“ஆள் இருக்கு” என்றேன். “அஞ்சு வயசு. பரவாயில்லையா?”