அப்லாவின் ஹாரன்

தந்தா நகரத்தில் கார் மின்சார வேலைக்கு ஷெஹாத்தாவை விட்டால் ஆளில்லை. இதை அடிக்கடி சொல்பவனும் அவன்தான். அன்று காலையிலிருந்து அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பள்ளியில் அவனுக்குப் பாடம் எடுத்த இன்ஷிராஹ் அப்லாவின், அதாவது இன்ஷிராஹ் டீச்சரின், பழைய காரில் ஹாரன் அடிக்கவில்லை. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும், அப்லா தகப்பனில்லாத தன் ஒரே மகள் நிஹாலை அந்தக் காரில்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு ஊர்வலமாக அழைத்துப் போகவேண்டும். ஹாரன் அலறாத கல்யாணத்தைத் தந்தாவில் யார் மதிப்பார்கள்?

ஸ்டியரிங்குக்கு அடியில் பிரித்துப் பார்த்தான். ஹாரன் வயர் வைப்பர் சுவிட்சில் மாட்டியிருந்தது; அந்த சுவிட்சும் இப்போது செத்திருந்தது. வைப்பரை ஓட்டியது சிகரெட் பற்றவைக்கும் பொத்தான். ஒரு சுவிட்ச் செத்தால் உயிரோடிருக்கும் இன்னொன்றுக்கு வயரை மாற்றிவிடுவது எங்கள் ஊர் வழக்கம்தான். அதற்காக இப்படியா? பொறுக்காமல் புது சுவிட்சுகள் போட்டு, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தான்.

அப்லா வந்து வண்டியை எடுத்தார். தெருமுனையில் கழுதை வண்டி குறுக்கே வந்தது. ஹாரன் அடிக்கப் பழக்கத்தில் வைப்பர் சுவிட்சைத் தட்டினார். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஆடியது. பிரேக் பிடித்து மயிரிழையில் தப்பி, வண்டியைத் திருப்பிக்கொண்டு பட்டறைக்கே வந்தார்.

“ஏய்யா மெக்கானிக் உஸ்தா, என்ன பண்ணி வச்சிருக்க?”

“சரி பண்ணியிருக்கேன் அப்லா. கம்பெனியில இப்படித்தான் செஞ்சாங்க.”

“கம்பெனிக்காரனா என் மகளை ஏத்திட்டுப் போகப்போறான்? இருபது வருஷமா என் கை பழகினதைக் கெடுத்துட்டியே! பழையபடி மாத்து!”

மாற்றலாம். எந்த வயர் எங்கே இருந்தது? மடையன், அவன் குறித்தே வைக்கவில்லை; பார்த்ததும் பதற்றத்தில் மறந்துபோயிருந்தது. அப்லாவைக் கேட்டால், “எனக்கென்ன தெரியும், கை தானா போகும்” என்றார். தொழுகைக்கு அழைப்பு கேட்டது. அவன் அப்லாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தான்.

“கண்ண மூடிக்குங்க அப்லா. குறுக்க ஒருத்தன் வர்றான்.”

அப்லாவின் கை வைப்பர் சுவிட்சுக்குப் போனது. ஹாரன் வயரை அங்கே கொடுத்தான்.

“மழை பெய்யுது.”

கை சிகரெட் பொத்தானைத் தொட்டது. இப்படியே கை போன இடமெல்லாம் வயரும் போனது. உள்விளக்கு ஒன்றுதான் பாக்கி.

“நிஹால விட்டாச்சு. தனியா திரும்பி வர்றீங்க. உள்ள லைட்டு போடணும்.”

அப்லாவின் இரண்டு கைகளும் மடியில் விழுந்தன. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

ஷெஹாத்தாவுக்குத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

“லைட்ட அப்புறம் பாத்துக்கலாம், எடுங்க. திரும்பி வரும்போது நான் கூட வர்றேன்.”

“இந்த அழுக்குச் சட்டையோடவா கல்யாணத்துக்கு வருவ?” என்று திட்டிக்கொண்டே அப்லா வண்டியைக் கிளப்பினார்.