ரப்பர் மரத்தில் மாட்டிய ஜப்பான் கோப்பை

ஜப்பான்காரன் ஆட்சியில் நாங்கள் மலாயாவில் குருண் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி குடியிருந்தார். என் வீட்டுக்காரர் அங்கே தண்ணீர் தூக்கினார், மாமியார் வாசல் கூட்டினார். எனக்குப் பால்வெட்டு. மரத்தில் காயம் படாமல் வெட்டுவதில் எங்கள் தோட்டத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் கிடையாது.

அப்போது பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்துக்குப் பெரிய பஞ்சம். உடைந்தால் புதிது வராது. தேங்காய்ச் சிரட்டையைக் கட்டித்தான் ஒப்பேற்றினோம். ஒரு சாயங்காலம் மாமியார் கையில் ஒரு மங்கோடு வந்தார்.

“இந்தா, ஒஞ் செரட்டையத் தூக்கிப் போடு. பங்களாவுல பூச்செடிக்குக் கீழ கெடந்துச்சு.”

சின்னதாக, காப்பி நிறத்தில், சொரசொரவென்று இருந்தது.

“வாய் கோணலா இருக்கே அத்தை?”

“பால் புடிக்கத்தானே கேட்ட, மாப்பிள்ளையா பாக்குற?”

மறுநாள் அதை மரத்தில் மாட்டி வெட்டினேன். பால் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பெரட்டு மணி அடித்தது. விடியலில் ஆள் கூட்டுகிற மணி அது. வெட்டு நேரத்தில் அடித்தால் நல்ல சேதியாக இருக்காது. எல்லோரும் ஓடினோம்.

பங்களா வாசலில், சரளைக்கல் மேல் என் வீட்டுக்காரர் முட்டி போட்டிருந்தார். இரண்டு கையாலும் ஒரு விறகுக்கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். மூக்கில் ரத்தம். அதிகாரி வாளை உருவிக்கொண்டு அவர் பின்னால் நின்றார்.

தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி எங்களைப் பார்த்துச் சொன்னார்: “இவரோட கோப்பையக் காணோமாம். சின்னதா, காப்பி கலர்ல, வாய் கோணலா. எடுத்தவங்க சொல்லிடுங்க. இல்லாட்டி இவன் தலை போயிடும்.”

மாமியார் என் கையை இறுக்கிப் பிடித்தார். நான் உதறிவிட்டு ஓடினேன். மரத்திலிருந்து பாலோடு அப்படியே தூக்கி வந்து அதிகாரியிடம் நீட்டினேன்.

“நாந்தான் மரத்துல மாட்டுனேன். மங்குன்னு நெனச்சுட்டேன்.”

மாமியார் பேச்சையே நான் எடுக்கவில்லை. கிராணி அதை அதிகாரிக்கு மலாய் மொழியில் எடுத்துச் சொன்னார்.

வாள் என் மேல்தான் விழும் என்று நினைத்தேன். அவர் அதை உறையில் போட்டுவிட்டு, கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினார். பாலைக் கவிழ்த்தார். ஒட்டியிருந்த ரப்பரை நகத்தால் மெல்ல உரித்தார், பிள்ளையின் புண்ணிலிருந்து துணி பிரிப்பதுபோல. படியில் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

கிராணி என் பக்கம் முணுமுணுத்தார்: “அவுங்க ஊரு சாராயம் குடிக்கிற கோப்பையாம். பெரிய கைவேலைக்காரரு ஒருத்தரு செஞ்சதாம். அவரு செத்துட்டாராம், இனிமே இது மாதிரி வராதாம்.”

அதிகாரி எழுந்து கோப்பையோடு உள்ளே போனார். முட்டி போட்டிருந்த மனிதரை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் எழுந்திரு என்று சொல்லாததால் என் வீட்டுக்காரர் கட்டையை இறக்கவேயில்லை. காவல்காரன் துப்பாக்கியோடு பார்த்துக்கொண்டிருக்க, நான் போய்க் கட்டையைப் பிடுங்கிப் போட்டேன்.

“எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்.”

முட்டியில் கல் பதிந்து அவரால் நிற்க முடியவில்லை. என் தோளில் சாய்த்துத்தான் கூட்டிப் போனேன்.

அந்தக் கோப்பையில், செய்தவருடைய விரல் தடம் அப்படியே பதிந்திருந்தது. அதைப் பார்த்து அழத் தெரிந்த மனிதருக்கு, காலடியில் ரத்தம் ஒழுகக் கிடந்த ஆள் கண்ணில் படாமல் போனது எப்படி என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.